ஒரு காதில் குறைவாகக் கேட்கிறதா? பாட்டுக்கு எது சரி: ஸ்பீக்கரா, பேலன்ஸா, மோனோவா, ஈக்வலைசரா, காது மெஷினா?

டர்பன் பக்கம் பாட்டு கேட்கும் நம்மவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. "ஹெட்போன் போட்டால் பாட்டு வலது பக்கமாகவே சாய்ந்து கேட்கிறது. ஃபோனில் பேலன்ஸை நகர்த்தட்டுமா, இல்லை காது மெஷினே வாங்கிவிடட்டுமா?" கேட்பவர்களில் அறுபதைத் தாண்டிய சாட்ஸ்வொர்த் தாத்தாவும் உண்டு. கோயிலில் தவிலுக்குப் பக்கத்திலேயே நின்று வளர்ந்த தம்பியும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் இருவருமே முதலில் கை வைப்பது இடது, வலது பக்கச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸில்தான். இருக்கிற வழிகளில் மிகக் குறைவாக உதவுவதும் அதுதான் என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

## குறை காதிலா, ஹெட்போனிலா?

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்குமுன் ஹெட்போனை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இடது பக்கத்தை வலது காதிலும், வலதை இடது காதிலும். மாற்றிய பிறகும் அதே காதில் குறைவாகக் கேட்டால் காதைப் பார்க்க வேண்டும். குறைவு மறு காதுக்குப் போய்விட்டால் கோளாறு ஹெட்போனில்.

இயர்பட்ஸில் இது மிகச் சாதாரணம். ரப்பர் முனையைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சின்ன வலையை வெளிச்சத்தில் பாருங்கள். குறும்பி படிந்து பாதி ஓட்டைகள் அடைத்திருக்கும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டிவிட்டால் போதும். அப்புறம், நம் இரண்டு காதுத் துவாரங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு பக்கம் முனை சரியாக மூடாவிட்டால் அந்தப் பக்கம் பேஸ் என்ற கனத்த கீழ் ஒலி ஓடிவிடும். ஒரு காதுக்கு நடு அளவு, மறு காதுக்குச் சின்ன அளவு என்று போடுவதில் தப்பே இல்லை.

சோதிக்கப் பழைய பாட்டு நல்லது. 1970கள் வரை வந்த தமிழ்ப் படப்பாடல்களில் பெரும்பாலானவை மோனோவாகப் பதிவானவை. இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால் குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சாய்வு பாட்டில் இல்லை.

காதில்தான் குறை என்றால், அது எப்போது வந்தது என்று யோசியுங்கள். ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு காது மந்தமானால் அது அவசரம். குறும்பியாக இருக்கும், சளி பிடித்திருக்கும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். திடீர் நரம்புவழிக் கேள்திறன் இழப்பு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம், முடிந்தால் முதல் சில நாள்களில், தாமதமானாலும் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைசுற்றல், சீழ், வலி இருந்தாலும் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். அந்த நிலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம்.

## ஆடியோகிராம் என்ற அந்த ஒரு தாள்

ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் (கேள்திறன் நிபுணர்) ஒருவரிடம் சோதனை செய்து, அதன் முடிவுத் தாளான ஆடியோகிராமின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆடியாலஜி பிரிவுகள் உண்டு. காத்திருக்க வேண்டிவரும், ஆனாலும் அந்தத் தாள் இல்லாமல் செலவு செய்வதைவிடக் காத்திருப்பது மேல்.

தாளில் மேலே 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்கள், அதாவது கனத்த ஒலியிலிருந்து கூரான ஒலி வரை, எழுதியிருக்கும். சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் கேள்திறன் குறைகிறது என்று பொருள். இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் தள்ளி ஓடுகின்றனவா? இல்லை, 2000 ஹெர்ட்ஸ் வரை ஒட்டி வந்துவிட்டு, 4000-க்கு அருகில் ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுகிறதா? சத்தத்தால் கெட்ட காது பெரும்பாலும் இரண்டாவது மாதிரி. பல ஆண்டுகள் வயலின் வாசித்தவர்களுக்கு இடது காது சற்று அதிகமாகப் பாதிக்கப்படலாம், ஏனென்றால் வாத்தியம் அந்தக் காதுக்கு அருகில்தான் இருக்கிறது.

ஃபோனிலேயே செய்யும் சோதனைகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2016-ல் வந்த ஹியர் இசட்ஏ செயலி இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லி நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்லும். குறை இருக்கிறதா இல்லையா என்று பொதுவாக வடிகட்டிப் பார்க்க இந்த மாதிரி சோதனைகள் நல்லவை. ஆனால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைச் சேர்த்துத் தரும் எந்தச் சோதனையிலும் நல்ல காது விடையைச் சொல்லிவிடும், கெட்ட காது மறைந்துவிடும். காதுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அறிய ஒவ்வொரு காதையும் தனியாகச் சோதித்தாக வேண்டும்.

ஒரு காது மற்றதைவிட 15 டெசிபல் அளவுக்கு அடுத்தடுத்த அதிர்வெண்களில் பின்தங்கினால், காரணம் தேட மருத்துவர்கள் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லக்கூடும். கேள்நரம்பில் வளரும் புற்று அல்லாத கட்டி ஒன்று இப்படித்தான் மெதுவாகத் தலைகாட்டும். அரிதானது, ஆனால் விட்டுவிடக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பவை ஐந்து. குறையின் வடிவத்துக்கு அந்த வழி பொருந்துகிறதா என்பது முதல். நல்ல காதுக்கு அதனால் ஆபத்து வருமா என்பது இரண்டாவது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமானது. வயலின் இந்தப் பக்கம், மிருதங்கம் அந்தப் பக்கம் என்ற ஸ்டீரியோ இடஉணர்வு மிஞ்சுமா? பதிவில் மட்டும் உதவுமா, கோயிலிலும் கச்சேரியிலும் உதவுமா? கடைசியாக, சொல்லப்படாத செலவு என்ன?

| வழி | எந்தக் குறைக்கு | ஸ்டீரியோ | நேரடி இசையில் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| ஸ்பீக்கர், இருக்கை | மிதமான எந்தக் குறைக்கும் | பெரும்பாலும் மிஞ்சும் | ஆம், இடம் பார்த்து உட்கார்ந்தால் | அறை, அக்கம்பக்கம் |
| பேலன்ஸ் | எல்லா அதிர்வெண்ணிலும் சமமான குறை | கலங்கும் | இல்லை | சத்தம் ஏற்றும் பழக்கம் |
| மோனோ | ஒரு காது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை | போய்விடும் | இல்லை | சில பதிவுகளில் ஒலி மெலியும் |
| காதுவாரி ஈக்வலைசர் | மேல் அதிர்வெண்களில் மட்டும் குறை | மிஞ்சும், மேம்படலாம் | இல்லை | நேரம், தவறான சோதனை |
| காது மெஷின் | பேச்சும் பாதிக்கும் குறை | ஆளைப் பொறுத்தது | ஆம் | பராமரிப்பு, திரும்பத் திரும்ப சரிசெய்தல் |

## ஸ்பீக்கருக்கு மாறி, உட்காரும் இடத்தை மாற்றுவது

காசு செலவழிக்குமுன் எல்லோரும் முயன்று பார்க்க வேண்டியது இது. ஹெட்போனில் இடது காதுக்கு இடது சேனல் மட்டும்தான் போகிறது. இடது காது மந்தமென்றால் அந்தப் பக்கம் வைத்த வயலினே போச்சு. ஸ்பீக்கரில் அப்படி இல்லை. இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் இரண்டு காதுக்கும் வருகிறது. தலை நடுவில் நின்று மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். ஆகவே பாட்டில் எதுவும் தொலைந்து போவதில்லை.

இதில் நேரமும் வேலை செய்கிறது. பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதுக்கு அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஆறேழு பங்கு தாமதமாக வந்து சேரும். சுமார் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூளை இந்த நேர வித்தியாசத்தை வைத்துத்தான் திசையைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு மேலே சத்த வித்தியாசத்தை வைத்து. ராலே பிரபு 1907-ல் விளக்கியது இது. மேல் அதிர்வெண் குறைந்த காதிலும் கீழ் அதிர்வெண் நன்றாக இருந்தால் நேரக் குறிப்பு அப்படியே கிடைக்கும். ஹெட்போனில் ஒரு பக்கம் சாய்ந்த பாட்டு ஸ்பீக்கரில் நேராக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக அமையும்படி வையுங்கள். பிறகு குறைந்த காதின் பக்கமுள்ள ஸ்பீக்கரை நோக்கி நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். குரல் நடுவுக்கு வரும் இடம் கிடைக்கும். ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், மறுபக்கம் கனத்த திரை என்று அறை இருந்தால் அதுவே சாய்வைக் கொடுக்கும். திரையை இரண்டு பக்கமும் சமமாக்குங்கள்.

சிக்கல் எங்கே? சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் எத்தனையோ வீடுகள் அடுத்த வீட்டோடு சுவரைப் பகிர்பவை. இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கர் நடக்காது. பேருந்தில், வேலையிடத்தில் கேட்பவருக்கும் இது பயன்படாது.

கச்சேரியிலும் கோயிலிலும் இதே தத்துவம்தான். வலது காது நல்ல காது என்றால் மண்டபத்தின் இடது புறம் உட்காருங்கள். மேடை உங்களுக்கு வலப்பக்கம் அமையும். ஆனால் மேடையைப் பார்த்த நல்ல காது, சுவரோரம் அடுக்கிய பெரிய ஸ்பீக்கருக்கு நேராக வந்துவிடக் கூடாது. அது இருக்கிற ஒரே நல்ல காது. கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்திலோ வேறு கோயிலிலோ காவடி நாளில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அருகே நடப்பவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்வது பக்திக்குக் குறைவல்ல. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் வேலையிடச் சத்தத்துக்கான வரம்பு 85 டெசிபல். தவிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் அதை எளிதாகத் தாண்டிவிடுவார்.

## பேலன்ஸை நகர்த்துவது

நொடியில் செய்துவிடலாம், காசில்லை, எல்லா ஃபோனிலும் உண்டு. அதனால்தான் எல்லோரும் இங்கே தொடங்குகிறார்கள்.

பேலன்ஸ் ஒரு பக்கத்தை முழுவதுமாக ஏற்றி இறக்கும். கீழ் சுரமும் மேல் சுரமும் அதற்கு ஒன்றுதான். நம் காதின் குறை அப்படி இருப்பதில்லை. உதாரணத்துக்கு, இரண்டு காதும் 250 ஹெர்ட்ஸில் ஒன்றுபோல் இருக்கின்றன, 4000-ல் மட்டும் இடது காது 30 டெசிபல் கீழே என்று வையுங்கள். பேலன்ஸை இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். இப்போது மிருதங்கத்தில் தொப்பியின் கனத்த ஒலி இடது பக்கம் ஓடிவிடும். வலந்தலையின் கூரான ஒலியும் ஜால்ராவும் வலது பக்கத்திலேயே நிற்கும். ஒரே ஆள் மடியில் வைத்து வாசிக்கும் வாத்தியம் இரண்டாகப் பிளந்து கேட்கும். முன்பு சாய்ந்து கேட்டதாவது முழுசாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் கெட்டவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ நல்ல காதில் கேட்கும் அளவுக்கே உரக்கக் கேட்கும். ஆலாபனையில் மெல்லிய இடத்துக்குச் சரியாக வைத்த பேலன்ஸ், தனி ஆவர்த்தனம் வரும்போது குறைந்த காதைக் குத்தும். ஒரே நிலையில் வைத்த பேலன்ஸால் இதைச் சமாளிக்க முடியாது.

பேலன்ஸ் செய்வது பொதுவாக ஒரு பக்கத்தைக் குறைப்பதுதான். குறைத்ததும் மொத்தச் சத்தம் போதாமல் தோன்றும், கை தானாக வால்யூமுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 15 டெசிபல் ஏற்றினால் 40 மணி நேரம் ஒன்றேகால் மணி நேரமாகச் சுருங்கிவிடும், வாரம் முழுவதற்கும். ஏற்கெனவே அடிபட்ட காதுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பேலன்ஸ் சரியாக வேலை செய்யும் இடமும் உண்டு. குறும்பி, நடுக்காதில் நீர், செவிப்பறையில் ஓட்டை, நடுக்காது எலும்பு இறுகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் போன்றவற்றில் ஒலி உள்ளே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. பல அதிர்வெண்களிலும் ஏறத்தாழ சமமாகக் குறையும். சிகிச்சை முடியும் வரை பேலன்ஸ் போதும். வித்தியாசம் நாலைந்து டெசிபல்தான் என்றாலும் போதும்.

## மோனோ

ஐபோனில் அக்சஸிபிலிட்டிக்குள் ஆடியோ பகுதியில் மோனோ ஆடியோ என்று இருக்கும். ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் அக்சஸிபிலிட்டிக்குள்தான். அழுத்தினால் இரண்டு சேனலும் கலந்து இரண்டு காதுக்கும் ஒன்றாகப் போகும்.

ஒரு காது அறவே கேட்காதவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம், முதலில் இதைப் போடுங்கள். ஸ்டீரியோவை ஒரு காதால் கேட்பவர் பாட்டில் பாதியைக் கேட்பதே இல்லை, அது தொலைந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது. ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவுகள் சிலவற்றில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம் என்று முற்றிலும் பிரித்து வைத்திருப்பார்கள். மோனோ போட்டவுடன் "இந்தப் பாட்டில் புல்லாங்குழல் இருந்ததா!" என்று வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பாட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஐம்பதுகள், அறுபதுகளின் பாட்டு என்றால் மோனோவில் எதையும் இழக்க மாட்டீர்கள், பாட்டே மோனோதான்.

இரண்டு காதும் ஓரளவு கேட்பவர்களுக்கு எனக்கு மோனோவில் அவ்வளவு உடன்பாடில்லை. சாய்வு அப்படியே இருக்கும், விரிவு மட்டும் போய்விடும். சில புதிய பதிவுகளில் எதிரொலி, சின்தசைசர் போன்றவை இரு சேனலிலும் எதிரெதிர் கட்டத்தில், அதாவது ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும்படி, இருக்கும். கலக்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துவிடும்.

## ஒவ்வொரு காதுக்கும் தனி ஈக்வலைசர்

ஆடியோகிராமில் கோடுகள் மேல் அதிர்வெண்ணில்தான் பிரிகின்றன, பேச்சு பிரச்சினை இல்லை, பாட்டு மட்டும்தான் உறுத்துகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர்தான். குறை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், அந்தக் காதுக்கு மட்டும் ஏற்றலாம். தொப்பி இருந்த இடத்தில் இருக்கும், வலந்தலை நடுவுக்குத் திரும்பி வரும்.

சாம்சங் ஃபோன்களில் அடாப்ட் சவுண்ட் என்று உண்டு. ஒவ்வொரு காதிலும் பீப் ஒலி கொடுத்துச் சோதித்து, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். ஐபோனில் 2020 முதல் ஹெட்போன் அக்காமடேஷன்ஸ் இருக்கிறது. ஆடியோகிராமையும் அதற்குக் கொடுக்கலாம், ஆனால் ஏர்பாட்ஸ் போன்ற சில ஹெட்போன்களில் மட்டுமே வேலை செய்யும். 2024-ல் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்குக் காதுச் சோதனையே வந்துவிட்டது. இந்த வசதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதற்காகவே வாங்குவதாக இருந்தால் இங்கே கிடைக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் கணினியில் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள், சேனல்வாரியாக மாற்றவிடும்.

எவ்வளவு ஏற்றுவது? இங்கேதான் பலர் ஆர்வத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள். 30 டெசிபல் வித்தியாசம் என்றால் 30 ஏற்றக் கூடாது. காது மெஷின் உலகில் 1940களிலிருந்தே புழங்கும் பாதிக் கணக்கு ஒன்று உண்டு: இழப்பில் ஏறத்தாழ பாதியைத்தான் ஈடுசெய்வது. 30 என்றால் 15. மெல்லிய ஒலி கேட்காத காதுக்கும் உரத்த ஒலி முழுசாகக் கேட்கும் என்று மேலே சொன்னேனே, அதனால்தான். அதிலும் 15-ஐ ஒரே நாளில் வைக்க வேண்டாம். 5-ல் தொடங்குங்கள், ஒரு வாரம் கேளுங்கள், அப்புறம் கூட்டுங்கள். மந்தமான காதோடு வாழ மூளை பழகிவிட்டது, திரும்பப் பழக அதற்கு நாள் வேண்டும். முதல் நாள் எல்லாமே தகரம் தட்டுவதுபோலக் கேட்கும். கைவிடாதீர்கள்.

ஏற்றிய அளவுக்கு மொத்த அளவை இறக்குவதும் அவசியம். 4000 ஹெர்ட்ஸில் 15 ஏற்றினால் ப்ரீஆம்பை 15 குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் உரத்த இடங்களில் டிஜிட்டல் ஒலி உச்சியில் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

சோதனை செய்யும் இடமும் முக்கியம். மின்விசிறி சுற்ற, வெளியே டாக்ஸி ஹாரன் அடிக்க ஃபோன் சோதனை செய்தால் தவறான கணக்கு வரும், அந்தத் தவறு ஒவ்வொரு பாட்டிலும் ஏறும். வீடு அடங்கிய நேரத்தில், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அதே ஹெட்போனோடு செய்யுங்கள். ஹெட்போனை மாற்றினால் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

இந்த வழியால் தீராத ஒன்று உண்டு. சிலருக்கு ஒரே சுரம் இரண்டு காதிலும் வேறு வேறு சுருதியில் கேட்கும். கொஞ்சம் வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ஒரு உள்காது கெட்டால் அது பெரிதாகி, தம்புராவே ஒரு பக்கம் சுருதி இறங்கிக் கேட்கும். பாடுகிறவர்களையும் வயலின்காரர்களையும் இது வாட்டி எடுத்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் தப்புச் சுருதிதான் உரக்கக் கேட்கும். இவர்கள் குறைந்த காதைக் கூட்டாமல் விடுவதே நல்லது. சுருதி சேர்ப்பதை நல்ல காதால் மட்டும் செய்யுங்கள். புதிதாகத் தொடங்கியது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில சமயம் காது தேறும்போது இதுவும் தணியும்.

## காது மெஷின்

பாட்டுக்காக மட்டும் காது மெஷின் வாங்க வேண்டாம். வீட்டில் பேசுவது புரியவில்லை, கூட்டத்தில் விடுபடுகிறது, பாட்டும் சாய்கிறது என்றால் வாங்குங்கள். அப்போது தாமதிக்கவும் வேண்டாம். நேரடி இசையில் ஒலியைக் கூட்டித் தருவது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

மெஷின் முதன்மையாகப் பேச்சுக்குச் செய்யப்பட்டது. அதிலுள்ள விசில் தடுப்பு, நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்தைத் தன் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். சுருதிப்பெட்டி, நாதஸ்வரம், புல்லாங்குழல் எல்லாம் நடுங்கிக் கேட்பதற்குக் காரணம் அதுதான். இரைச்சல் குறைப்பு, தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு மெல்ல இறக்கிவிடும். பழைய டிஜிட்டல் மெஷின்களின் உள்ளீடு பேச்சின் உச்சத்துக்குப் போதும், தவிலின் உச்சத்துக்குப் போதாது. அங்கே ஒலி உள்ளே நுழையும்போதே கெட்டுவிடுகிறது, பிறகு எதை மாற்றினாலும் சரியாகாது.

ஆகவே பொருத்தும்போதே கேட்க வேண்டியது தனி மியூசிக் புரோகிராம். அதில் விசில் தடுப்பும் இரைச்சல் குறைப்பும் அணைந்திருக்க வேண்டும், அல்லது மிகக் குறைவாக. மைக் ஒரு திசையை மட்டும் பார்க்காமல் எல்லாத் திசையும் எடுக்க வேண்டும். உள்ளீட்டின் உச்ச அளவு எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு பதிவைக் கையோடு கொண்டு போய், அங்கேயே போட்டுக் கேளுங்கள். நாதஸ்வரமும் தம்புராவும் உள்ள பதிவாக இருந்தால் குறை உடனே தெரிந்துவிடும்.

ஒரு காதுக்கு மட்டும் மெஷின் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. டிஜிட்டல் மெஷின் ஒலியைக் கணக்கிட்டு வெளியே விட சில மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். இயற்கையில் இரு காதுக்கும் இடையே வரும் அதிகபட்ச வித்தியாசத்தைவிட அது பல மடங்கு. அதனால் சத்தம் சமமான பிறகும், முந்தி வந்த நல்ல காதின் பக்கமே ஒலி நிற்பதுபோலத் தோன்றலாம். பழகப் பழகக் குறையும், எல்லோருக்கும் முழுசாகப் போகாது. விற்பவர்கள் இதைச் சொல்வது அபூர்வம்.

செலவு மெஷினின் விலையோடு முடிவதில்லை. பட்டனளவு பேட்டரிகள் வாரக்கணக்கில்தான் வரும். டர்பனின் கடற்காற்று ஈரம் மெஷினுக்கு எதிரி, இரவில் உலர்த்தும் டப்பா கட்டாயம். குறும்பி வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். சார்ஜ் செய்யும் வகை என்றால் லோட்ஷெடிங்போல மின்சாரம் போகும் நாள்களை நினைத்துப் பாருங்கள், பவர்பேங்கில் போடக்கூடிய சார்ஜ் டப்பாவா என்று கேளுங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருப்பவர்கள், அவர்கள் எவ்வளவு தருவார்கள், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை வாங்குமுன் எழுத்தில் பெறுங்கள். இசைக்காக மூன்று நான்கு முறை திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்த வருகைகள் விலைக்குள் அடக்கமா, தனியா? திருப்பித் தரும் காலம் எத்தனை நாள்? இவற்றுக்கு நேராகப் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு காது முழுவதும் போனவர்களுக்கு கிராஸ் என்ற வகை மெஷின் உண்டு. கெட்ட பக்கத்து ஒலியை எடுத்து நல்ல காதுக்கு அனுப்பும். பேச்சுக்கு மிகவும் உதவும், ஸ்டீரியோ திரும்பாது. நடுக்காதுக் குறை உள்ளவர்களுக்கு எலும்புவழி ஹெட்போன் வசதியாக இருக்கலாம். ஆனால் மண்டை ஓட்டின் அதிர்வு இரண்டு உள்காதுக்கும் போய்விடுவதால் இடது வலது பிரிவு மங்கும்.

## ஒன்றும் செய்யாமல் விடுவது

இதுவும் ஒரு வழிதான், 10 டெசிபலுக்குள் வித்தியாசம் உள்ளவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பேன். மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனையை அடிக்கடி செய்து மனதைக் குழப்பிக்கொள்ளாமல் பாட்டைக் கேளுங்கள். ஆனால் முதல் ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 5 டெசிபல் ஏறி இறங்குவது சோதனைக்குச் சோதனை இயல்பாக வருவது. ஒரே காதில், ஒரே இடத்தில் 10 டெசிபலோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.